பாம்பு பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டுப் பக்கம் வனத்துறையோடு சேர்ந்து பாம்பு மீட்கும் ஒருவருக்குத் துணையாக ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பாம்பைப் பிடிப்பது அவர். கூட்டத்தை விலக்கி நிறுத்துவது, வீட்டுக்காரர்களை ஆசுவாசப்படுத்துவது, கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் என் வேலை. எந்தத் தெருவுக்குப் போனாலும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் வருகின்றன. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

1. பாம்புன்னாலே விஷம்தானே அண்ணா? எல்லாத்துக்கும் பயந்து ஒதுங்கிட்டா நல்லதுதானே?

இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் இருக்கின்றன. கடல் பாம்புகளையும் சேர்த்து அவற்றில் மனிதருக்கு ஆபத்தான விஷம் உள்ளவை சுமார் 60. அதிலும் நம் ஊரில் உயிரை எடுப்பவை பெரும்பாலும் நான்குதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வீட்டுக்குள், கிணற்றடியில், கோழிக்கூண்டில் பார்த்ததாக எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு மாதிரி ஆளைக் கொல்லாதவை.

ஒதுங்குவது நல்லதுதான், ஆனால் பயந்தவர்கள் யாரும் ஒதுங்கி நிற்பதை நான் பார்த்ததில்லை. கம்பை எடுத்துக்கொண்டு கிட்டே போகிறார்கள்.

2. அப்போ பாம்பு ஆபத்தே இல்லைன்னு சொல்றீங்களா?

அப்படிச் சொன்னால் பெரிய பாவம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

ஆனால் அந்த 58,000 பேர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். வயலில் வெறுங்காலோடு நின்றவர்கள், இருட்டில் கொல்லைப்பக்கம் போனவர்கள், தரையில் பாய் போட்டுத் தூங்கியவர்கள், மழைக்காலத்தில் வைக்கோலிலோ விறகிலோ கையை விட்டவர்கள். கண்ணுக்குத் தெரிந்த பாம்பைவிடத் தெரியாத பாம்பால் செத்தவர்கள்தான் அதிகம். நம் பயமோ முழுக்க முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்த பாம்பின் மேல்தான் இருக்கிறது. பட்டப்பகலில் காம்பவுண்டு சுவர் மேல் போகும் சாரைக்குத் தெருவே கூடுகிறது, அன்றைக்கு ராத்திரி அதே தெருவில் டார்ச் இல்லாமல் செருப்பில்லாமல் குப்பை கொட்டப் போகிறார்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

3. நான் பார்த்தது ஆறடி இருக்கும் சார், கழுத்தை உப்பிக்கிட்டு சீறுச்சு. அது வெறும் சாரைன்னு எப்படி நம்பறது?

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. போன ஐப்பசியில் ஒரு வீட்டில் குளியலறைக் கதவைத் துணி வைத்து அடைத்துவிட்டு, குடும்பமே வாசலில் நின்றது. அந்த அம்மா கையை முழுசாக விரித்து, "இவ்ளோ நீளம், படம் எடுத்து நின்னுச்சுப்பா" என்றார். உள்ளே போனால் பக்கெட்டுக்குப் பின்னால் ஒரு இளம் சாரை, ஓட வழியில்லாமல் மூலையில் சுருண்டிருக்கிறது. கழுத்தை உப்பிக்கொண்டு உறுமுகிறது. மீட்டவர் அதைப் பைக்குள் விடும்போது குளியலறைத் தரையின் ஓடுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூன்றரை அடிகூட இல்லை.

சாரை நெருக்கடியில் மாட்டினால் கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக்கி உப்பும், உறுமும். நல்ல பாம்பின் படம் மாதிரி அகலமாக விரியாது என்றாலும், பதற்றத்தில் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நீளம் கூடிப்போவதற்கும் காரணம் உண்டு. சிலந்திக்குப் பயப்படுகிறவர்களிடம் அமெரிக்காவில் 2012-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். யாருக்குப் பயம் அதிகமோ அவர்கள் சிலந்தியின் அளவையும் அதிகமாகச் சொன்னார்கள். பயம் வந்த பிறகு கண் அளவு எடுப்பதில்லை, பயம்தான் அளவு எடுக்கிறது. வளர்ந்த சாரை ஆறடிக்கு மேலும் போகும், ஆகவே உங்களுடையது நிஜமாகவே ஆறடியாக இருந்திருக்கலாம். ஆனால் நீளத்துக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே இல்லை. நான்கில் மிகச் சிறியதான சுருட்டை விரியன் பெரும்பாலும் முழம், ஒன்றரை முழம்தான் இருக்கும்.

4. கொடியில கிடக்கிற கயிறைப் பார்த்தாலே பாம்புன்னு தூக்கிவாரிப் போடுது. மூளை ஏன் இப்படி ஏமாத்துது?

ஏமாற்றவில்லை, அது ஒரு கணக்குப் போடுகிறது. கயிற்றைப் பாம்பு என்று நினைத்துத் துள்ளினால் நஷ்டம் ஒரு நொடிப் பதற்றம். பாம்பைக் கயிறு என்று நினைத்து மிதித்தால் நஷ்டம் உயிர். இரண்டு தவறில் ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால், மலிவான தவறைப் பல தடவை செய்வதுதான் லாபம். ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் புகை கண்டால் அலறும் கருவியோடு ஒப்பிட்டார். தோசை கருகினாலும் அது அலறும், ஆனால் நிஜமாகத் தீப்பிடிக்கும்போது அலறாமல் இருக்காது, அதனால்தான் அதைக் கழற்றிப் போடாமல் வைத்திருக்கிறோம்.

ஆக ஆபத்தைக் கூட்டிக் கணிப்பது மூளைக் கோளாறு இல்லை, முன்னோர் உயிரைக் காத்த பழக்கம். ஆனால் அந்த அலாரம் ஒரு நொடிக்கானது, துள்ளி விலக அது போதும். பிறகு நின்று பார்த்து, "கயிறுதான்" அல்லது "சாரைதான், வழிவிட்டால் போய்விடும்" என்று முடிவெடுக்க வேண்டியது நாம். பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை என்பார்களே (பழுதை என்றால் வைக்கோல் கயிறு), அந்த இடத்திலேயே பலர் வாழ்நாள் முழுக்க நின்றுவிடுகிறார்கள்.

5. என் பொண்ணுக்கு மூணு வயசு, பாம்பு படத்தைப் பார்த்தாலே அழுவுறா. பிறவியிலேயே வர்ற பயமா?

பாதி அப்படி. பூ, தவளை, கம்பளிப்பூச்சிப் படங்களைவிட பாம்புப் படத்தைச் சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்று 2008-இல் ஒரு ஆய்வு காட்டியது. சீக்கிரம் கண்ணில் படுவது வேறு, பயப்படுவது வேறு.

பயம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை சூசன் மினெகா என்ற உளவியலாளர் 1980-களில் குரங்குகளை வைத்துப் பார்த்தார். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பு பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதை ஒருமுறை பார்த்தவுடன், அவையும் பயப்பட ஆரம்பித்தன. அப்புறம் படக்காட்சியை மாற்றி, அதே குரங்கு பூவைப் பார்த்து அலறுவது போலக் காட்டினார்கள். பூவுக்கு எந்தக் குரங்கும் பயப்படவில்லை. பாம்பு பயத்துக்கு மனதில் ஒரு காலியான ஆணி ஏற்கெனவே அடித்திருக்கிறது, பயத்தை அதில் மாட்டுவது பக்கத்தில் இருப்பவர்கள். உங்கள் பெண் பாம்பைப் பார்க்கும் அந்த நேரத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். கிண்டி பாம்புப் பண்ணைக்கு ஒருமுறை கூட்டிப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நிதானமாகப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

6. கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு, சுடுகாட்டுப் புகை வர்றதான்னு மரத்துல ஏறிப் பார்க்குமாமே?

கொம்பேறி மூக்கன் ஒரு விஷமில்லாத மரப்பாம்பு. அது மரத்தில் ஏறுவதற்குக் காரணம் அது மரத்தில் வாழ்வதுதான். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள், அதற்கு இருப்பது லேசான விஷம், பல்லியையும் தவளையையும் மடக்க மட்டும் போதும். மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்பார்கள், அது பாவம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற, ஆளைக் கண்டால் தலையை மறைத்துக்கொள்கிற ஒரு பிராணி. அடித்த பாம்பின் ஜோடி பழிவாங்கும் என்பதும் கதைதான், ஆளை அடையாளம் வைத்துக்கொண்டு தேடி வருகிற மூளை பாம்புக்குக் கிடையாது. சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணையும் என்பது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவதைப் பார்த்து எழுந்த கதை.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. இந்தக் கதைகளில் பாதி, ஆளைக் கொல்லாத பாம்புகளைப் பற்றியவை. ராத்திரி பாய்க்கு வந்து, வலிகூடத் தெரியாமல் கடித்துவிட்டுப் போகிற கட்டுவிரியனைப் பற்றி இந்த மாதிரி ஒரு கதையை நான் போன தெருக்களில் கேட்டதே இல்லை. மரத்தில் ஏறிப் புகை பார்க்கும் பாம்பு மனதில் படமாக நிற்கிறது, சத்தமில்லாத பாம்பு நிற்பதில்லை. நாம் ஆபத்துக்குப் பயப்படவில்லை, கதைக்குப் பயப்படுகிறோம்.

7. முன்னெல்லாம் இவ்வளவு பாம்பு இல்லை. இப்ப தினம் ஒண்ணு வருது. பெருகிப் போச்சா?

புதிதாகப் போட்ட மனைகளில் பார்ப்பது கொஞ்சம் கூடியிருக்கலாம். ஏரிக்கரை, வயல் எல்லாம் வீடானால் அங்கே இருந்தது எங்கே போகும்? ஆனால் "தினம் ஒண்ணு" என்று சொன்னவரிடம் கேட்டேன், அவர் கண்ணால் பார்த்தது அந்த வருடத்தில் இரண்டுதான். மீதி எல்லாம் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தவை, அதில் ஒன்று வேறு மாநிலத்து ராஜநாகம்.

ஒரு விஷயம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறதோ அவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும் என்பதை டிவெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1973-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது நினைவுக்கு வர ஒரு செய்தித்தாள் இருந்தது, இப்போது காலை எழுந்ததும் கையில் வீடியோ இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வதந்தி ஓடியது நினைவிருக்கும். பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள், ஒன்றும் தப்பவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்ட நேரத்தில், அடுத்து எதுவும் வரலாம் என்று மனம் தயாராக இருக்கும்போது, அந்த வதந்திக்கு ஆதாரம் யாரும் கேட்கவில்லை.

8. ஹெல்மெட் போடாம நூறுல போற என் தம்பி, தண்ணீர்ப்பாம்பைப் பார்த்தா சுவரேறி குதிக்கிறான். இது என்ன கணக்கு?

2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். தம்பிக்கு எது பெரிய ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அவனை முட்டாள் என்று நினைக்காதீர்கள். பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987-இல் எழுதியபடி, ஆபத்தை எடைபோடும்போது சாதாரண மனிதர்கள் சாவு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, பழகியதா, நானே விரும்பி ஏற்றதா, நினைத்தாலே குலை நடுங்குகிறதா என்றெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். வண்டியின் ஆக்சிலேட்டர் தம்பி கையில், பாம்பின் அசைவு அவன் கையில் இல்லை. வண்டி தினமும் பத்திரமாக வீடு சேர்க்கிறது, ஒவ்வொரு நாளும் பயத்தைக் கொஞ்சம் கழிக்கிறது. பாம்பு எப்போதாவதுதான் வருகிறது, வரும்போதெல்லாம் புதுசு.

9. எங்க தாத்தா வேர் கொடுத்து நூறு பேரைக் காப்பாத்தியிருக்கார். அதுக்கு என்ன சொல்றீங்க?

இந்தக் கேள்விக்கு மரியாதையோடு, ஆனால் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தாத்தாவிடம் வந்த நூறு பேரில் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள், அது உண்மையாகவே இருக்கும். எதனால் என்பதுதான் கேள்வி. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: நூறில் எழுபது பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பு. மீதி முப்பதில் பத்துப் பேரைக் கடித்தது விஷப்பாம்பானாலும் விஷம் இறங்கவில்லை. நல்ல பாம்பும் விரியனும் சில சமயம் விஷம் விடாமல் கடிப்பது உண்டு, மருத்துவர்கள் அதை உலர்கடி என்பார்கள். ஆக எண்பது பேர் வேர் தின்றாலும் பிழைப்பார்கள், வேர்க்கடலை தின்றாலும் பிழைப்பார்கள். இந்த எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை, ஊருக்கு ஊர் மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

எல்லாக் கடியும் சாவு என்று நினைக்கிற ஊரில், பிழைத்த எண்பது பேரும் அதிசயமாகத் தெரிவார்கள். முதல் பதிலில் சொன்ன கணக்கு தெரிந்த ஊரில் தெரிய மாட்டார்கள். ஆபத்தைக் கூட்டிப் பார்த்ததால்தான் வேருக்கு இத்தனை புகழ் வந்தது. அந்தப் புகழை நம்பி வருகிற மீதி இருபது பேர்தான், விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டிய நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிகமாகப் பயந்தால் அதிகமாகப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

10. அப்போ கடிச்சது சாரைன்னு தெரிஞ்சா, ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கலாமா?

கூடாது. பார்ப்பதும் கடிபடுவதும் வேறு வேறு. பாம்பைப் பார்த்தால் நிதானம், கடிபட்டால் எந்தப் பாம்பானாலும் மருத்துவமனை. நான்காம் பதிலில் சொன்ன மலிவான தவறு இங்கே தாராளமாகச் செய்ய வேண்டியது. கட்டுவிரியனைப் போலவே பட்டை போட்ட விஷமில்லாத பாம்பு உண்டு, பதற்றத்தில் அடையாளம் சொல்வதை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது. ராத்திரி தரையில் தூங்கியவர் விடியலில் வயிற்றுவலி என்றோ, கண் இமை தூக்க முடியவில்லை என்றோ, எச்சில் விழுங்க முடியவில்லை என்றோ சொன்னால், பல் தடமே இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம்.

அங்கே போனால் உடனே ஊசி போட்டுவிடுவார்கள் என்றும் இல்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், வீக்கம், இமை, மூச்சு எல்லாம் கவனிப்பார்கள், ஒருநாள் வைத்திருப்பார்கள். விஷமுறிவு மருந்தே சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், விஷம் ஏறிய அடையாளம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். "ஊசியே போடலை, சும்மா படுக்க வெச்சாங்க" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கவனிப்புதான் வைத்தியம்.

11. பயத்துலயே செத்துடுவாங்கன்னு சொல்றாங்களே?

பயத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மயக்கம் வரும், வேகமாக மூச்சு விடுவதால் கை விரல்கள் மரத்துப்போகும். பார்க்கிறவர்கள் விஷம் ஏறிவிட்டது என்று அலறுவார்கள், அதைக் கேட்டுக் கடிபட்டவருக்கு இன்னும் கூடும். கூட்டத்தைக் குறைத்து, ஒரே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தணிவாகப் பேசினாலே பாதி அடங்கும். ஆனால் எதையும் "வெறும் பயம்தான்" என்று வீட்டில் நீங்களே தீர்மானிக்காதீர்கள்.

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, கயிறு கழற்றிவிட்டு, கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம், இன்னொருவரும் கடிபடுவார்.

12. வீட்டைச் சுத்தி சிறியாநங்கை வெச்சிருக்கோம், பினாயில் ஊத்தறோம், பூண்டு தட்டிப் போடறோம். போதாதா?

சிறியாநங்கைச் செடியின் அடியிலேயே பாம்பைப் பிடித்திருக்கிறோம். பினாயில் வாடை உங்களுக்கு நிம்மதி தரும், எலியை விரட்டாது, எலி இருக்கும் வரை பாம்பு வரும். கல் குவியல், பழைய ஓடு, விறகு இவற்றைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள். கதவுக்கடி இடுக்கை அடையுங்கள். சாக்கடைக் குழாய்க்கு வலை போடுங்கள்.

13. இருளர்கள் கையால பிடிக்கிறாங்களே, அவங்களுக்கு மட்டும் பயம் இல்லையா?

உண்டு, சரியான அளவில். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. நாட்டில் விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, காட்டில் விட்டுவிடுவார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்களில் ஒரு பெரியவரோடு ஒரு காலை நேரம் வரப்பில் நடந்தேன். சாரை குறுக்கே போனபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு எலி வளையின் வாய்க்கு வந்ததும் என் மார்பில் கையை வைத்து நிறுத்தினார். மண்ணில் ஒரு மெல்லிய இழுப்பு இருந்தது, காட்டிய பிறகும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "உள்ள இருக்கு தம்பி, தள்ளி நில்லு" என்றார், குரல் ஏறவில்லை.

14. ஆயிரத்துல ஒண்ணுதான் ஆபத்துன்னு சொல்லுங்க. அந்த ஒண்ணு என் பிள்ளையா இருந்தா?

இதைக் கேட்டவர் மூன்றாம் பதிலில் வந்த அதே அம்மாவின் மகள். என்னிடம் இதற்கு எண்ணால் பதில் இல்லை, இருக்கவும் கூடாது. பிள்ளையைப் பெற்றவர்களிடம் போய் சராசரி பேசுவது சரியில்லை.

அந்த வீட்டை அவரோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். குளியலறை ஜன்னலுக்குப் புதுசாகக் கம்பி வலை அடித்திருந்தார்கள், நல்ல வேலை. பின்கட்டில் விறகும் தேங்காய் மட்டையும் சுவரோடு ஒட்டி இடுப்பளவு அடுக்கியிருந்தது. அதற்கு நேர் உள்பக்கம், கதவுக்கடியில் இரண்டு விரல் இடுக்கு, அந்தக் கதவிலிருந்து நான்கடி தள்ளி, தரையில் பையனின் பாய். சாரை வந்த ஜன்னலைப் பற்றி மூன்று வாரமாகத் தூங்காதவர்கள், இந்தப் பாயைப் பற்றி ஒரு நாளும் யோசித்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் பையனின் அப்பா கட்டிலும் கொசுவலையும் வாங்கி வந்தார். வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் எப்படிச் சுற்றிலும் செருக வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். விறகை ஞாயிற்றுக்கிழமை தள்ளி அடுக்குவதாகச் சொன்னார்கள்.